ஆலை வாசலுக்கு வந்து சேராத தீர்ப்புகள்: வடசென்னையும் தன்பாலீர்ப்பாளர் உரிமைப் போராட்டமும்

தன்பாலீர்ப்பாளர்களின் உரிமைப் போராட்டத்தை எழுதுகிறவர்கள் வழக்கமாக நியூயார்க்கிலிருந்து தொடங்குவார்கள். 1969 ஜூன் 28 அதிகாலையில் ஸ்டோன்வால் என்ற மதுவிடுதிக்குள் போலீஸ் நுழைந்தது, அங்கிருந்தவர்கள் தலைகுனிந்து வேனில் ஏறாமல் எதிர்த்து நின்றார்கள் என்பது அந்தத் தொடக்கம். இந்தியப் பகுதிக்கு வந்தால் 1992இல் டெல்லிப் போராட்டம், 1999இல் கொல்கத்தாப் பேரணி, அதன் பிறகு நீதிமன்றத் தீர்ப்புகள் என்று கதை நகரும். இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீளும் துறைமுக, ஆலைப் பகுதியையும் அதை ஒட்டிய தொழிலாளர் குடியிருப்புகளையும் சேர்த்துத்தான் வடசென்னை என்கிறோம். இந்த வரலாற்றில் அந்த வடசென்னை முக்கியமாக இரண்டு இடங்களில் தென்படுகிறது. இரண்டுமே தீக்குளிப்புகள்.

முதலாவது 2006இல் நடந்தது. வியாசர்பாடிப் பகுதியைச் சேர்ந்த ஓர் ஏழைத் திருநங்கையைத் திருட்டுச் சந்தேகத்தின் பேரில் போலீஸ் பிடித்தது. காவல் நிலையத்தில் பாலியல் வன்கொடுமை நடந்தது. அவமானம் தாங்காமல் அவர் காவல் நிலைய வளாகத்திலேயே உடலில் தீ வைத்துக்கொண்டு, பிறகு இறந்தார். அவருடைய சகோதரி ஜெயலட்சுமி வழக்குத் தொடுத்தார். சென்னை உயர் நீதிமன்றம் 2007இல் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது. ஜெயலட்சுமி எதிர் தமிழ்நாடு அரசு என்று சட்டப் புத்தகங்களில் இருப்பது இந்த வழக்குதான். இரண்டாவது 2008 மே மாதத்தில். குடும்பத்தார் பிரிக்கப் பார்த்த இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்தபடி எரிந்து இறந்தார்கள். இருவரும் திருமணமானவர்கள். வீட்டில் சொல்லிப் பார்த்து, சண்டை போட்டு, வேறு வழி எதுவும் இல்லை என்று ஆன பிறகு எடுத்த முடிவு அது.

இந்த மரணங்களைச் செய்தித்தாளின் ஓரச் செய்தியாகக் கடந்துவிட முடியாது. ஜெயலட்சுமி வழக்கை 2009 ஜூலை 2 அன்று நாஸ் அறக்கட்டளை வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, வயதுவந்தோர் விரும்பித் தனிமையில் கொள்ளும் உறவைக் குற்றமாக்கக் கூடாது என்று முதன்முதலாகச் சொன்ன தீர்ப்பு அது. ஆக, நாடு முழுவதற்குமான அந்த விடுதலைக்கு வடசென்னை உயிர்விலை கொடுத்திருக்கிறது. கொடுத்த இடத்துக்கு என்ன திரும்பி வந்தது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. மிகக் குறைவாகவே வந்திருக்கிறது என்பது என் முடிவு. அதற்கான காரணங்களில் ஒரு பகுதி நீதிமன்றத்துக்கு வெளியே, தொழிற்சங்க அலுவலகங்களிலும் ஆலை வாசல்களிலும் இருக்கிறது.

முதலில் சட்டம். மெக்காலே குழு 1837இல் வரைந்து, 1860இல் நிறைவேறி, 1862இல் அமலுக்கு வந்த தண்டனைச் சட்டத்தோடு 377ஆம் பிரிவு வந்தது. ஆனால் அந்தப் பிரிவின் கீழ் தண்டனை பெற்றவர்களை எண்ணிப் பார்த்து ஒடுக்குமுறையை அளந்தால் ஏமாந்துபோவோம். விரும்பி உறவு கொண்ட பெரியவர்கள் நீதிமன்றம் வரை போன வழக்குகள் சொற்பம். அந்தப் பிரிவு தெருவில்தான் வேலை செய்தது. இருட்டில் நின்ற ஒருவரிடம் "கேஸ் போடட்டுமா, வீட்டுக்குச் சொல்லட்டுமா?" என்று கேட்டால் போதும், பையில் இருக்கும் பணமும் கையில் இருக்கும் கடிகாரமும் போய்விடும். சென்னையில் 1888ஆம் ஆண்டு நகரக் காவல் சட்டத்தின் 75ஆம் பிரிவும் கைக்கு வாகாக இருந்தது. பொது இடத்தில் ஒழுங்கீனம் என்று அதில் யாரையும் பிடிக்கலாம். தனி அறையும் சொந்த வாகனமும் உள்ளவருக்கு இந்தச் சட்டங்கள் தூரத்து இடி. பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேரோடு படுக்கிற கூலித் தொழிலாளிக்குத் தனிமை என்பதே தெருவிலும் கடற்கரையிலும்தான் கிடைக்கிறது. அதனால் அடி அவர் முதுகில் விழுந்தது. தனிமையில் நடப்பது குற்றமில்லை என்ற 2009ஆம் ஆண்டின் வாதம், தனிமையே இல்லாதவர்களுக்குப் பாதி நியாயம்தான்.

எதிர்ப்பு அமைப்பாகத் திரண்ட கதை எய்ட்ஸோடு பிணைந்தது. இந்தியாவில் ஹெச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலாவும் பாலியல் தொழிலாளிகளிடமிருந்து எடுத்த ரத்த மாதிரிகளில் அது தெரிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் டெல்லியில் எய்ட்ஸ் பேத்பாவ் விரோதி ஆந்தோலன் என்ற குழு, தன்பாலீர்ப்பு கொண்டவர்களின் நிலை பற்றிய அறிக்கையை 1991இல் வெளியிட்டது. 1992 ஆகஸ்டில் டெல்லி போலீஸ் தலைமையகத்தின் முன் நின்று, பூங்காவில் நடந்த கைதுகளைக் கண்டித்தது. இந்தியாவில் இந்த மக்களுக்காகத் தெருவில் நடந்த முதல் போராட்டமாக அதைச் சொல்வார்கள். தமிழ்நாட்டில் நிலைமை வேறு. இங்கே அரசே முந்திக்கொண்டது. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் மற்ற மாநிலங்களுக்கு முன்மாதிரியானது. 1998இல் சுனில் மேனன் சென்னையில் சகோதரன் அமைப்பைத் தொடங்கினார். ஆணுறை கொடுக்கவும் பரிசோதனைக்கு அழைத்துப்போகவும் களப்பணியாளர்கள் வேண்டியிருந்தது. கோத்தி (பெண் சாயல் கொண்ட ஆண்), பந்தி (அவருடைய ஆண் இணை) என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டவர்கள் முதன்முதலாக ஒரு கூரையின் கீழ் உட்கார்ந்து, தேநீர் குடித்து, பயப்படாமல் பேசிக்கொண்டார்கள். போலீஸ் பிடித்தால் யாருக்குப் போன் செய்வது என்பது தெரிந்தது. கையில் ஓர் அடையாள அட்டை இருந்தது. இதைச் சின்ன விஷயம் என்று யாரும் சொல்ல வேண்டாம். லாரி ஓட்டுநர், சுமைதூக்குபவர், ஓட்டல் சப்ளையர் என்று ஆங்கிலம் தெரியாத ஆண்கள் உரிமை என்ற சொல்லைத் தங்களுக்கு உரியதாக்கிக்கொண்டது இந்த மையங்களில்தான்.

ஆனால் அந்தப் பணம் நோய்த் தடுப்புக்கு வந்த பணம். நோய் யாருக்கு வரும் என்று கணக்குப் போட்டதோ அவர்களுக்கு மட்டுமே போனது. பெண்ணைக் காதலித்த பெண்ணை அந்தக் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை. அவளுக்கு மையமும் இல்லை, களப்பணியாளரும் இல்லை, அடையாள அட்டையும் இல்லை. 2008இல் அந்த இரண்டு பெண்களும் உதவி கேட்டுப் போகத் தங்கள் பகுதியில் ஓர் இடமும் இருக்கவில்லை என்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். அண்டை மாநிலமான கேரளத்தில் பெண் காதலர்களின் தொடர் தற்கொலைகளைப் பார்த்துப் பதறி சகயாத்ரிகா என்ற அமைப்பு 2000களின் தொடக்கத்திலேயே உருவானது. தமிழ்நாட்டில் அவர்கள் எரிந்த பிறகுதான் நாம் பேசத் தொடங்கினோம்.

2009 ஜூன் 28 அன்று மெரினாவில் சென்னையின் முதல் வானவில் பேரணி நடந்தது. நான்கு நாள் கழித்து டெல்லித் தீர்ப்பு வந்தது. 2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டது. இவர்கள் மிகச் சிறுபான்மை என்று ஒரு காரணமும் சொன்னது. 2014 ஏப்ரல் 15 அன்று அதே நீதிமன்றத்தின் வேறொரு அமர்வு நால்சா வழக்கில் திருநர்களின் பாலினத் தேர்வை அடிப்படை உரிமை என்றது. ஓர் ஆண்டு கழித்துத் திருச்சி சிவாவின் தனிநபர் மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியது. 2017இல் அந்தரங்க உரிமைத் தீர்ப்பு. கடைசியாக 2018 செப்டம்பர் 6 அன்று, நவ்தேஜ் ஜோஹர் வழக்கில் ஐந்து நீதிபதிகளும் ஒருமித்து, வயதுவந்தோரின் விருப்ப உறவைக் குற்றமாக்கிய 377இன் பகுதியை நீக்கினார்கள். இந்த வரிசை பலருக்கும் தெரிந்ததுதான்.

தெரிய வேண்டிய அளவுக்குத் தெரியாதது, பாரிமுனையில் நடந்தது. இராயபுரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற நம் உயர் நீதிமன்றம், 2021இல் நாட்டில் வேறெந்த நீதிமன்றமும் செய்யாததைச் செய்தது. மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் வீட்டை விட்டு வந்து சென்னையில் தஞ்சம் புகுந்திருந்தார்கள். மகள்களைக் காணவில்லை என்று பெற்றோர் புகார் கொடுத்தார்கள். போலீஸ் தேடி வந்து விசாரித்தது. எங்களைத் தொந்தரவு செய்யாதபடி பாதுகாப்பு கொடுங்கள் என்று பெண்கள் வழக்குப் போட்டார்கள். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் முன் அது வந்தது. தீர்ப்பு எழுதும் அளவுக்குத் தனக்கு இந்த வாழ்க்கை புரியவில்லை என்று அவர் வெளிப்படையாகவே பதிவுசெய்தார். உளவியலாளர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். பெற்றோருக்கும் பெண்களுக்கும் ஆலோசனை ஏற்பாடு செய்தார். 2021 ஜூன் 7 அன்று அவர் இட்ட உத்தரவு, காவல் நிலையத்துக்கு நேராகப் பேசியது: காணவில்லை என்ற புகாரில் தேடப்படுகிறவர்கள் வயதுவந்த, விருப்பத்தோடு சேர்ந்து வாழ்கிற ஒரே பாலினத்தவர் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, துன்புறுத்தாமல் புகாரை முடித்துவிட வேண்டும். தன்பாலீர்ப்பை 'குணப்படுத்துகிறேன்' என்று சிகிச்சை செய்யும் மருத்துவரின் உரிமத்தைப் பறிக்க வேண்டும் என்றும் சொன்னது.

அந்த வழக்கை நீதிபதி மூடிவிடவில்லை. தொடர்ந்து திறந்தே வைத்து அரசை வேலை வாங்கினார். 2022இல் காவல் துறை நடத்தை விதிகளில் 24-சி என்ற புது விதி சேர்ந்தது. இந்தச் சமூகத்தினரையும் அவர்களுக்காக உழைப்பவர்களையும் எந்தக் காவலரும் துன்புறுத்தக் கூடாது என்கிறது. அதே ஆண்டு தேசிய மருத்துவ ஆணையம், இப்படிக் 'குணப்படுத்தும்' சிகிச்சையைத் தொழில் ஒழுங்கு மீறல் என்று அறிவித்தது. ஊடகங்களும் அலுவலகங்களும் கண்ணியமாக எழுதுவதற்கான சொல்பட்டியலைத் தமிழ்நாடு அரசு அரசிதழில் வெளியிட்டது. வியாசர்பாடியில் 2006இல் நடந்ததற்கு, விதிப் புத்தகத்தில் பதினாறு ஆண்டு கழித்து வந்த பதில் 24-சி. ஒரு விதி என்ற அளவில் அது போதும். அது காவல் நிலையச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறதா, இரவுப் பணியில் இருக்கும் ஏட்டுக்குத் தெரியுமா என்பதில்தான் மிச்சம் இருக்கிறது.

அந்த மிச்சம் எவ்வளவு பெரியது என்பதை 2025 மே மாதம் இன்னொரு வழக்கு காட்டியது. வேலூர் மாவட்டத்தில் தன் தோழியை அவளுடைய குடும்பமே அடைத்து வைத்திருக்கிறது என்று ஒரு பெண் ஆட்கொணர்வு மனு போட்டார். நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் அந்தப் பெண்ணைத் தனியே விசாரித்து விடுவித்தார்கள். திருமணம் மட்டுமே குடும்பத்தை உண்டாக்கும் வழியல்ல, தேர்ந்துகொண்ட குடும்பம் என்ற ஒன்றும் உண்டு என்று எழுதினார்கள். உதவி கேட்டு வந்தவர்களிடம் போலீஸ் காட்டிய அலட்சியத்தையும் கண்டித்தார்கள். தீர்ப்பின் மொழி அழகானது. ஆனால் 2021 உத்தரவும் 2022 விதியும் வந்த பிறகும் அந்தப் பெண் உயர் நீதிமன்றம் வரை வர வேண்டியிருந்தது. வழக்கறிஞர் வைக்கவும் பஸ் ஏறவும் முடியாத எத்தனை பேர் வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுகிறார்கள்!

இங்கே ஒரு பழைய வாதத்தைச் சந்தித்தாக வேண்டும். 2023 ஏப்ரலில், திருமண உரிமை வழக்கில் ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தில் இது நகர்ப்புற மேட்டுக்குடியின் பார்வை என்று எழுதிக் கொடுத்தது. அதே ஆண்டு அக்டோபர் 17 அன்று திருமண உரிமை தர நீதிமன்றம் மறுத்தாலும், தலைமை நீதிபதி சந்திரசூட் இந்த ஒரு வாதத்தை ஏற்கவில்லை. தன்பாலீர்ப்பு நகரத்துக்கோ மேல்வர்க்கத்துக்கோ மட்டும் உரியதல்ல என்று எழுதினார். வடசென்னையின் இரண்டு தீக்குளிப்புகளையும் படித்த எவருக்கும் இதைச் சொல்ல நீதிபதி தேவைப்படாது. ஆனாலும் அந்த வாதம் ஒன்றிய அரசோடு நிற்கவில்லை. நம் முற்போக்கு வட்டங்களிலும் வேறு குரலில் கேட்கிறது: சோற்றுக்கும் கூலிக்கும் போராடுகிற இடத்தில் இது எதற்கு என்று.

உலகத் தொழிலாளர் வரலாறு இதற்குத் தெளிவாகப் பதில் சொல்கிறது. அமெரிக்காவின் பசிபிக் கரையில், பயணக் கப்பல்களில் சமையலும் பரிமாறலும் செய்தவர்களின் சங்கம் ஒன்று 1930களில் வலுப்பெற்றது. கப்பல் சமையல்காரர், பணியாளர் சங்கம் அது. கறுப்பினத்தவரும் தன்பாலீர்ப்பு கொண்ட ஆண்களும் இடதுசாரிகளும் அதில் நிரம்பியிருந்தார்கள். நிறத்தைச் சொல்லியோ, அரசியலைச் சொல்லியோ, நடை உடையைச் சொல்லியோ ஒருவரை இழிவு செய்வது முதலாளி நம்மைப் பிரிக்கும் வழி என்பதைத் தங்கள் கொள்கையாகவே வைத்திருந்தார்கள். ஸ்டோன்வாலுக்கு முப்பது ஆண்டுக்கு முந்தைய கதை இது. பனிப்போர்க் காலத்தில், 1950க்குப் பின், துறைமுகங்களில் ஆட்களைச் சலித்து வெளியேற்றி அந்தச் சங்கத்தை உடைத்தார்கள். 1973இல் சிட்னியில் ஒரு மாணவரை அவருடைய தன்பாலீர்ப்பின் பேரில் மக்குவாரி பல்கலைக்கழக விடுதியிலிருந்து வெளியேற்றினார்கள். கட்டடத் தொழிலாளர் சங்கம் அந்த வளாகத்தில் வேலையை நிறுத்தியது. சிமெண்ட் கலவையோடு நின்றவர்கள் ஒரு மாணவருக்காகக் கருவியைக் கீழே வைத்தார்கள். 1984-85இல் பிரிட்டனில் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது லண்டனின் தன்பாலீர்ப்பாளர்கள் உண்டியல் குலுக்கி, 20,000 பவுண்டுக்குக் குறையாமல் வேல்ஸின் ஒரு சுரங்கப் பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். வேலைநிறுத்தம் தோற்றது. ஆனால் 1985 லண்டன் பேரணியின் முன்வரிசையில் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் சங்கக் கொடியோடு நடந்தார்கள். அதே ஆண்டு தொழிற்கட்சி மாநாட்டில் உரிமைத் தீர்மானம் நிறைவேற அவர்கள் சங்கத்தின் வாக்கு கைகொடுத்தது.

வடசென்னை இந்த நாடுகளுக்கு இளைத்ததல்ல. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918இல் பெரம்பூரின் பின்னி ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு உருவானது. பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் அதை வளர்த்தார்கள். 1923இல் சிங்காரவேலர் நாட்டிலேயே முதல் மே தினத்தைச் சென்னைக் கடற்கரையில் கொண்டாடினார். இடையில் அதே ஆலையின் 1921 வேலைநிறுத்தம் சாதியால் பிளந்து, புளியந்தோப்புக் கலவரத்தில் முடிந்து தோற்றது. உடன் வேலை செய்பவரை இழிவாகப் பார்க்கும் தொழிலாளி கடைசியில் தன் கூலியையும் இழப்பான் என்பதை இந்த மண் அப்போதே கற்றுக்கொண்டிருக்க வேண்டும். அந்தப் பாடத்தைச் சாதி விஷயத்திலேயே நாம் முழுதாகப் படித்து முடிக்கவில்லை.

சரி, சங்கம் என்ன செய்ய முடியும்? கேள்வி கொள்கையைப் பற்றியதல்ல, படிவங்களைப் பற்றியது. எண்ணூரிலோ திருவொற்றியூரிலோ ஆலையில் வேலை செய்யும் ஒரு பெண், தன் இணையோடு எட்டு ஆண்டாக ஒரே வீட்டில் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஈ.எஸ்.ஐ. விதிப்படி குடும்பம் என்றால் கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், அவளைச் சார்ந்திருக்கும் பெற்றோர். இணைக்குச் சிறுநீரகக் கோளாறு வந்தால் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் இடமில்லை. பி.எஃப். நாமினேஷனில், விதி சொல்லும் 'குடும்பம்' ஒருவருக்கு இருக்கும்வரை வெளியாரின் பெயரை எழுத முடியாது. ஆலையில் விபத்து நடந்து அவள் இறந்தால், பத்து ஆண்டு பேசாமல் இருந்த உறவினர் வந்து கையெழுத்துப் போட்டுப் பணத்தை வாங்கிக்கொள்வார். கூட வாழ்ந்தவள் வாசலில் நிற்பாள். கூலிப் பிரச்சினை இல்லை என்றால் இது வேறு என்ன?

சில கதவுகள் பாதி திறந்திருக்கின்றன. உச்ச நீதிமன்றத்தின் 2023 திருமணத் தீர்ப்புக்குப் பின் அமைந்த குழுவைத் தொடர்ந்து, 2024இல் ஒன்றிய அரசு மூன்று விளக்கங்கள் கொடுத்தது. சேர்ந்து வாழும் ஒரே பாலின இணையர் ஒரே ரேஷன் அட்டையில் இருக்கலாம். கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கி, ஒருவரை ஒருவர் நாமினியாகப் போடலாம். நெருங்கிய உறவினர் இல்லாதபோது இணை உடலைப் பெற்றுக்கொள்ளலாம். இவற்றை வழங்கல் அலுவலகத்திலோ வங்கிக் கிளையிலோ கேட்டுப் பெறுவதற்குப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் சங்கத்துக்காரராக இருக்கலாம், மாதர் சங்கத்துக்காரராக இருக்கலாம்.

இன்னொரு கதவு திறந்த வேகத்தில் மூடிக்கொண்டது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 377 முழுவதுமாக இல்லை. கேட்க நல்லதாக இருக்கிறது. ஆனால் 2018 தீர்ப்பு விருப்பமில்லாத வன்செயலைக் குற்றமாகவே விட்டுவைத்திருந்தது. புதிய சட்டம் அதையும் சேர்த்து எடுத்துவிட்டது. வன்புணர்வுப் பிரிவு பெண்ணைப் பாதிக்கப்பட்டவராக மட்டுமே பார்க்கிறது. ஓர் ஆணைப் பாலியல் வன்கொடுமை செய்தால் சாதாரணத் தாக்குதல் வழக்குதான். திருநர் பாதுகாப்புச் சட்டம் 2019 திருநர்மீதான பாலியல் கொடுமைக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரைதான் தண்டனை வைத்திருக்கிறது. வியாசர்பாடியில் நடந்தது மறுபடி நடந்தால் கையில் இருக்கும் சட்டம் 2006இல் இருந்ததைவிடக் கூர்மை குறைந்தது. இதை நாடாளுமன்றத்தில் வடசென்னை உறுப்பினர் எழுப்ப வேண்டும்.

மாநில அரசின் கையிலும் ஒன்று இருக்கிறது. இணையர்கள் தங்கள் உறவைப் பதிவுசெய்து, துன்புறுத்தல் இல்லாமல் வாழ வழி செய்யும் குடும்ப உறவு ஒப்பந்தத்தை 2023 நவம்பரில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தமிழ்நாடு அரசுக்குப் பரிந்துரைத்தார். இப்படி ஒரு வழியை மாநிலம் தானே வெட்டுவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று நீதிமன்றம் சொன்ன காலம் ஒன்று இருந்தது. பெரியாரின் இயக்கம் அசையவில்லை. அண்ணா ஆட்சியில் 1967இல் இந்து திருமணச் சட்டத்தைத் திருத்தி அதைச் சட்டமாக்கினார்கள். சட்டம் ஏற்காத திருமணங்களை நாற்பது ஆண்டு துணிந்து நடத்திக் காட்டியவர்களால் வந்த சட்டம் அது. இன்று அதே துணிவோடு வீடெடுத்து வாழ்கிற இணையர்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள்.

வடசென்னையில் சங்கம் நடத்தும் தோழர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஊதிய ஒப்பந்தப் பேச்சுவார்த்தைக் கோரிக்கைப் பட்டியலில், மருத்துவக் காப்பீட்டுக்கும் நாமினேஷனுக்கும் தொழிலாளி யாரை எழுதிக் கொடுக்கிறாரோ அவரையே குடும்பமாக ஏற்க வேண்டும் என்ற ஒரு வரியைச் சேருங்கள். உங்கள் பகுதிக் காவல் நிலையத்துக்குப் போகும்போது 24-சி விதியின் நகலைக் கையில் கொண்டுபோங்கள். ஆய்வாளர் முன் வைத்து, சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். வீட்டில் அடைபட்ட ஒரு பெண்ணோ, அடிபட்ட ஒரு பையனோ சங்க அலுவலகத்தின் படியேறி வந்தால், முதலில் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொல்லுங்கள், பெயரை வெளியே சொல்லாதீர்கள், அதன் பிறகு வக்கீலுக்குப் போன் செய்யுங்கள்.